‘டோட்டல் லாஸ்’ காரின் ஆர்.சி.யை உரிமையாளர் தலையில் கட்டக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் சென்னையின் தாழ்வான பகுதிகளில் குடியிருப்போருக்கு வரும் முதல் கவலை காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் வீட்டு வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்திலும் நிறுத்தியிருந்த கார்கள் நீரில் மூழ்கின. அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது மக்கள் தங்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். மேம்பாலத்தில் கார் நிறுத்தலாமா கூடாதா என்று அப்போது நிறையவே பேசினோம். மூழ்கிய காருக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எப்படிக் கணக்கு முடிக்கின்றன, முடித்த பிறகு உரிமையாளர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. மிக்ஜாம் புயலில் காரை இழந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பழுது பார்க்கத் தகுதியற்றது என்று ஒரு காரை இன்சூரன்ஸ் நிறுவனமே முடிவு செய்துவிட்ட பிறகு, அந்தச் சிதைந்த வண்டியையும் அதன் பதிவுச் சான்றையும் (ஆர்.சி.) உரிமையாளர் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, யாரோ ஒரு வியாபாரி குறித்த விலையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் தரும் வழக்கம் தவறானது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து அதை நிறுத்த வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று விளக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளம், புயல் போன்றவற்றால் ஏற்படும் சேதத்துக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. சொந்த வாகனச் சேதத்தையும் சேர்த்து எடுத்தவர்களுக்கே இழப்பீடு உண்டு. அப்படி எடுத்த பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி., அதாவது காரின் காப்பீட்டு மதிப்பு, என்று ஒரு தொகை இருக்கும். கார் நிறுவனம் அறிவித்துள்ள விற்பனை விலையில் வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து வருவது அது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 5 சதவீதமும், மூன்று ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதமும், நான்கு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பதற்கு 50 சதவீதமும் கழியும். ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. வண்டியை மீட்டுப் பழுது பார்க்க ஆகும் மொத்தச் செலவு இந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாக (டோட்டல் லாஸ்) கருத வேண்டும் என்று வழக்கமான பாலிசி வாசகமே சொல்கிறது.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது; ஆனால் அந்த 75 சதவீதத்தை எந்தத் தொகையோடு ஒப்பிடுவது என்பதில்தான் முதல் இழுபறி தொடங்குகிறது. எட்டு லட்சம் ரூபாய் விலையுள்ள கார் நான்காம் ஆண்டில் இருந்தால் அதன் ஐ.டி.வி. 4.80 லட்சம்; அதில் 75 சதவீதம் 3.60 லட்சம். வெள்ளத்தில் மூழ்கிய அந்தக் காருக்கு ஒர்க்‌ஷாப் தரும் எஸ்டிமேட் ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த மாத்திரத்திலேயே அது டோட்டல் லாஸ்தான். ஆனால் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் போன்றவற்றுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்து, மற்ற உதிரிப் பாகங்களுக்கும் வயதுக்கேற்பக் கழித்து, நிறுவனம் தரவேண்டிய பங்கு மூன்றரை லட்சம்தான் என்று காட்டிவிட்டால், 75 சதவீத வரம்புக்குக் கீழே வந்துவிடுகிறது. அதாவது, காரின் காப்பீட்டு மதிப்பைவிடப் பழுது பார்க்கும் செலவு அதிகமாக இருந்தும், மீதி இரண்டரை லட்சத்தை உரிமையாளர் கைப்பணத்திலிருந்து போட்டு, வயரிங் முழுவதும் நீரில் ஊறிய ஒரு காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆகிறது. “நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்று பாலிசியில் இருக்கும் சொற்களை வைத்து இப்படிக் கணக்குப் போடுகிறார்கள். மீட்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் செலவு என்றுதான் அந்த வாசகம் பேசுகிறது என்பதை எடுத்துக்காட்டி எழுத்தில் கேட்டால், பல நேரங்களில் கணக்கு மாறுகிறது. கேட்காதவர்களுக்கு மாறுவதில்லை.

எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் தேங்கிய நீரை இறைத்து வெளியேற்றிய பிறகு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தபோது நான் அருகிலேயே நின்றேன். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, கதவின் உட்புறத்தில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் படிந்திருக்கிறது என்று முதலில் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, அது நகரும் இரும்புத் தடத்தில் விரலை ஓட்டி, ஒட்டிய வண்டலைப் படம் எடுத்துக்கொண்டார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவியபோது எண்ணெய் வெளுத்துப் பால் நிறமாக இருந்தது. அவர் தன் வேலையை நேர்மையாகவே செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் நிறுவனத்திடமிருந்து வந்த முதல் கடிதமோ, தண்ணீர் புகுந்த நிலையில் எஞ்சினை இயக்க முயன்றதால் ஏற்பட்ட சேதம் தொடர்விளைவு இழப்பு என்பதால் பாலிசியில் சேராது என்றது. மூழ்கியபோது காரில் யாருமில்லை; சாவி மேல்மாடியில் வீட்டுக்குள் இருந்தது. ஓடாத எஞ்சின் தண்ணீரைத் தானாக உறிஞ்சாது. இயக்கும்போது சிலிண்டருக்குள் நீர் அழுத்தப்பட முடியாமல் தடுப்பதால்தான் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. நிறுத்திய நிலையில் மூழ்கிய எஞ்சினில் துருவும் சேறும் இருக்கும், ராடு நேராகவே இருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று எழுத்தில் கோரிய பிறகே அந்த மறுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. நிறுத்தியிருந்த காரை இழந்த எல்லோரும் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: நீர் வடிந்த பின் ஆர்வத்தில் ஒருமுறைகூடச் சாவியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது; பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, இழுவை வண்டியில்தான் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும்.

டோட்டல் லாஸ் என்று முடிவானதும் அடுத்த பேரம் தொடங்குகிறது. இன்றைய சந்தையில் இந்த மாடலுக்கு இவ்வளவுதான் கிடைக்கும், எனவே ஐ.டி.வி.யைவிடக் குறைவாகத்தான் தர முடியும் என்று தொலைபேசியில் சொல்வார்கள். இதற்கு இடமே இல்லை. முழு இழப்புக் கிளைம்களில், பாலிசிக் காலம் முழுவதும் ஐ.டி.வி.யையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசி வாசகத்தில் தெளிவாகவே இருக்கிறது. பிரீமியம் வாங்கும்போது அந்தத் தொகைக்குத்தான் வாங்கினார்கள். கட்டாயமாக உரிமையாளர் ஏற்கவேண்டிய பங்கு என்று 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு இரண்டாயிரம் ரூபாயும் கழிப்பது முறைதான். அதில் எனக்குக் குறையில்லை.

என் முக்கியமான முறையீடு சிதைந்த வண்டியின் மதிப்பைப் பற்றியது. முழு இழப்பில் நிறுவனத்தின் பொறுப்பு ஐ.டி.வி.யிலிருந்து சிதைவின் மதிப்பைக் கழித்த தொகைக்கு மேற்படாது என்று பாலிசி நிபந்தனை சொல்வது உண்மை. ஆகவே கழிப்பதே சட்டவிரோதம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த மதிப்பை யார் குறிக்கிறார்கள்? பழைய வண்டி வியாபாரிகளிடம் நிறுவனம் இணையவழியில் ஏலம் கேட்கிறது. அதிக விலை சொன்னவரின் தொகையைக் கழித்துவிட்டு, அவருடைய தொலைபேசி எண்ணை உரிமையாளரிடம் தருகிறது. அந்த வியாபாரி உண்மையில் அந்த விலைக்கு எடுத்துக்கொள்வாரா, வண்டியை எங்கே கொண்டுபோவார், என்ன செய்வார் என்பது எதிலும் நிறுவனம் தலையிடுவதில்லை. வண்டியைப் பார்க்க வந்தவர் சேறு அதிகம் என்று சொல்லி விலையைக் குறைத்தால் அந்த இழப்பும் உரிமையாளருடையது. வாழ்நாளில் ஒரு முறை இந்த நிலைக்கு வரும் சாதாரணக் குடும்பத்துக்காரர், இதையே தொழிலாக வைத்திருப்பவரோடு தனியாகப் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஏலத்தில் இரண்டு விலைகள் சொல்லப்படுகின்றன: ஆர்.சி.யுடன் ஒன்று, ஆர்.சி. இல்லாமல் ஒன்று. ஆர்.சி.யுடன் என்றால் விலை கணிசமாகக் கூடுகிறது. சிதைவின் விலை கூடினால் நிறுவனம் தரவேண்டியது குறையும் என்பதால், ஆர்.சி.யுடன் என்ற விலையையே கழித்துக்கொள்ள நிறுவனங்கள் விரும்புகின்றன. பழுது பார்க்கவே தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்ட ஒரு வண்டியின் இரும்புக்கு, கூடவே ஒரு பதிவுச் சான்று இருந்தால் ஏன் கூடுதல் விலை கிடைக்கிறது என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, அது எங்கோ மலிவாகச் சரிசெய்யப்பட்டு, வெள்ளத்தில் மூழ்கியது என்ற விவரம் மறைக்கப்பட்டு, ஏதும் அறியாத ஒருவருக்குப் பழைய காராக விற்கப்படும். துருப்பிடித்த வயரிங்கும் நம்ப முடியாத ஏர்பேக்கும் அவர் குடும்பத்தோடு சாலையில் போகும். அல்லது, அதே மாடலில் திருடப்பட்ட ஒரு கார் மீது இந்தச் சிதைவின் சேசிஸ் எண்ணும் பதிவு எண்ணும் ஏறும். சிதைந்த கார்களின் ஆவணங்களை வைத்துத் திருட்டுக் கார்களைச் சட்டபூர்வமானவையாகக் காட்டி விற்ற கும்பல்களைப் பல மாநிலங்களில் காவல்துறை பிடித்திருக்கிறது. அப்படி ஒரு கார் பிடிபட்டால், பதிவில் இருப்பது காரை வெள்ளத்தில் இழந்தவரின் பெயர்.

எனக்கு வந்த வியாபாரி, பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் வாங்குபவர் பெயர், தேதி என்று எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னார். எல்லோரும் இப்படித்தான் தருகிறார்கள் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம், அதுதான் கவலைக்குரியது. பெயர் மாற்றம் செய்யப்படாத வரை, வண்டியை விற்றுக் கைமாறிய பின்னும் பதிவேட்டில் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கப்படாமல், அது யார் மீதாவது மோதினால், லட்சக்கணக்கில் வரும் இழப்பீட்டை வெள்ளத்தில் காரை இழந்தவர்தான் கட்ட வேண்டியிருக்கும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடும் யாருக்கும் இது சொல்லப்படுவதில்லை.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாகனம் அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பதிவு ரத்து செய்யப்படும். ஒரு பக்கம் சட்டம் ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. மறுபக்கம் நிறுவனம் ஆர்.சி.யுடன் விற்றால் கிடைக்கும் விலையை இழப்பீட்டில் கழிக்கிறது. ஆர்.சி.யை ரத்து செய்ய ஒப்படைத்தால் பணம் குறைகிறது, ஒப்படைக்காவிட்டால் ஆபத்து என்ற இக்கட்டில் காரை இழந்தவரை நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

நான் ஆர்.சி.யை வியாபாரியிடம் தர மறுத்து, பதிவை ரத்து செய்யவே போகிறேன், எனவே ஆர்.சி. இல்லாத சிதைவு விலையைத்தான் கழிக்க வேண்டும், அல்லது வண்டியை நிறுவனமே எடுத்துக்கொண்டு முழு ஐ.டி.வி.யையும் தர வேண்டும் என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். கிளை அலுவலகத்தில் முடியவே முடியாது என்று சொன்னது, அந்தக் கடிதத்துக்குப் பின் முடிந்தது. முடியும் என்றால், அதையே முதல் நாளில் எல்லோருக்கும் சொல்வதில் என்ன தடை?

வங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால் இழப்பீடு முதலில் வங்கிக்கே போகும். அதுவரை மாதத் தவணை நிற்காது. அதனால்தான் தாமதம் என்பது வெறும் மனவருத்தமாக மட்டும் இருப்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவரது அறிக்கையை 15 நாட்களுக்குள் பெற வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கிளைம்கள் குவியும் வெள்ளக் காலத்தில் இது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாமதத்தின் செலவு முழுவதும் தவணை கட்டுபவர் மீதே விழுவதும் முறையல்ல. சர்வேயர் அறிக்கையின் நகலைப் பாலிசிதாரர் கேட்டால் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், சிதைவுக்கு எந்த விலையை எடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

பணம் தருவதற்கு முன் “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற ரசீதில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் இழப்பீடு கோரும் உரிமை பறிபோகாது என்று ஆணையம் 2015 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தவணை நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு வழங்க முடியும், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதில் நிறைவு இல்லாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். இவ்வளவும் இருந்தும், வெள்ளத்தில் வீட்டுப் பொருட்களையும் சேர்த்து இழந்த ஒருவர் இத்தனை படிகளையும் ஏறி இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. விதியே சரியாக இருந்தால் புகாருக்கு வேலையில்லை.

எனவே ஒழுங்குமுறை ஆணையத்தை நான் கேட்டுக்கொள்வது இதுதான். முழு இழப்பு என்று தீர்மானிக்கப்பட்ட காரை நிறுவனமே எடுத்துக்கொண்டு முழு ஐ.டி.வி.யையும் தருவதுதான் வழக்கமான முறையாக இருக்க வேண்டும். சிதைவைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பும் உரிமையாளர் எழுத்தில் கேட்டால் மட்டுமே கழிவு முறை பொருந்த வேண்டும், அப்போதும் பதிவு ரத்தான வண்டியின் விலையைத்தான் கழிக்க வேண்டும். வாகன அழிப்பு மையங்களுக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் இயற்கைச் சீற்றத்தில் சேதமடைந்த வண்டிகளையும் அங்கே ஒப்படைக்க இடம் தருகின்றன. நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் வண்டிகள் வியாபாரியிடம் போகாமல் அத்தகைய பதிவு பெற்ற மையங்களுக்கே போகட்டும்.

தமிழ்நாடு போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கார் டோட்டல் லாஸ் என்று தீர்க்கப்பட்டதும் அந்தத் தகவலை இன்சூரன்ஸ் நிறுவனமே ‘வாகன்’ என்ற அரசின் கணினி வாகனப் பதிவேட்டில் ஏற்றவும், அந்தக் குறிப்பு இருக்கும் வரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எதுவும் அதற்குப் பெயர் மாற்றம் செய்யாதிருக்கவும் ஏற்பாடு செய்யலாம். பழைய கார் வாங்கப்போகும் ஒருவர் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால் அந்த விவரம் அவருக்கும் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் போக்குவரத்துத் துறையும் ஏற்கெனவே கணினியில் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. பாலிசி நடப்பில் இருக்கிறதா என்று சாலையில் நிற்கும் காவலரே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். அதே வழியில் இந்தக் குறிப்பையும் சேர்ப்பதற்கு அடுத்த பருவமழை வரை காத்திருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
வேளச்சேரி, சென்னை.